பூணூலும் காப்பு நூலும் தகரத் துண்டும்

2006 ஆம் ஆண்டு என் தகப்பனாரின் கருமாதி எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றின் கரையில் நடைபெற்றது. கேகாலை மாவட்டத்தில் யட்டியாந்தோட்டைக்கு அப்பால் உள்ள இறப்பர்த் தோட்டம் அது. அப்பா அங்கே பிறந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே மறைந்தவர். பட்டணத்திலிருந்து அழைத்து வந்திருந்த குருக்கள் ஐயா தம் பையிலிருந்து புதிய பூணூல் ஒன்றை எடுத்து என் தோளில் அணிவித்தார். முதலில் இடத்தோளில் இருந்ததைச் சற்று நேரத்தில் வலத்தோளுக்கு மாற்றச் சொன்னார். எள்ளும் தண்ணீரும் இறைத்து முடிந்ததும், "கழற்றி ஆற்றிலே விட்டுவிடுங்கள் தம்பி" என்றார். விட்டேன். வெள்ளை நூல் சிறிது தூரம் மிதந்து சென்று ஒரு பாறையில் சிக்கியது.

ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் அந்த நூல் என் உடம்பில் இருந்தது. என் பாட்டனாருக்கோ பூட்டனாருக்கோ அத்தகைய நூல் ஒரு நிமிடமேனும் கிட்டியதாக எங்கள் குடும்பத்தில் எவரும் சொல்லக் கேட்டதில்லை. கரையின் மேற்புறத்தில், கூட்டத்திலிருந்து சற்று விலகி, எங்கள் மாரியம்மன் கோயிலின் பழைய பூசாரித் தாத்தா நின்று பார்த்துக் கொண்டிருந்தார். என் பாட்டனாரின் கருமாதியை நடத்தியவர் அவரே. அன்று அவர் வடமொழி மந்திரம் ஏதும் சொல்லவில்லை. மஞ்சள் தடவிய நூலும் ஒரு செம்பு நீரும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

அன்றிரவு எழுந்த கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. ஒரு நூலுக்கு இத்துணை மதிப்பு எங்கிருந்து வந்தது? அது யாருக்கு உரியது, யாருக்கு மறுக்கப்பட்டது? அது மறுக்கப்பட்ட எங்கள் மக்கள் தங்கள் வாழ்வில் எந்த நூலைக் கட்டிக் கொண்டார்கள்?

ஆடையாக இருந்த நூல்

பூணூலை வடமொழியில் யக்ஞோபவீதம் என்பர். வேள்விக்குரிய உபவீதம் என்பது பொருள். இன்று நாம் காணும் பருத்தி நூல் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. பழைய வேத நூல்களில் உபவீதம் என்ற சொல், மேலாடையையோ மான் தோலையோ உடலில் அணியும் முறையைக் குறிக்கின்றது. தைத்திரீய சங்கிதை மூன்று முறைகளைக் கூறுகிறது. இடத்தோளின் மேல் அணிந்து வலக்கைக்குக் கீழே விடுவது தேவர்களுக்கான செயலின்போது. அதையே மாற்றி வலத்தோளில் அணிவது பிதிர்களுக்கான செயலின்போது. கழுத்திலிருந்து மாலைபோல் தொங்கவிடுவது மனிதருக்கான செயலின்போது. ஆற்றங்கரையில் குருக்கள் ஐயா என் நூலைத் தோள் மாற்றச் சொன்னதன் பின்னால் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமை இருந்தது என்பதைப் பின்னர் படித்தே அறிந்து கொண்டேன்.

பின்னர் வந்த ஆபஸ்தம்ப தருமசூத்திரம், இல்லறத்தான் எப்போதும் மேலாடையுடன் இருக்க வேண்டும் எனக் கூறிவிட்டு, மேலாடைக்குப் பதிலாக ஒரு நூலேனும் இருக்கலாம் எனச் சலுகை அளிக்கிறது. ஆடைக்கு மாற்றாக வந்த நூல் காலப்போக்கில் ஆடையை விடப் புனிதமானதாயிற்று. சடங்குகளின் வரலாற்றில் இவ்வாறு நிகழ்வது புதிதன்று. வசதிக்காக வந்த மாற்று, பின்னர் அடையாளமாகி, இறுதியில் எல்லைக் கோடாகவும் ஆகிவிடுகிறது.

உபநயனம் என்ற சொல்லுக்கு அருகில் அழைத்துச் செல்லுதல் என்று பொருள். பிள்ளையை ஆசானின் அருகே அழைத்துச் செல்வதே சடங்கின் உயிர்நாடி. நூல் அணிவித்தல் அதன் ஒரு பகுதி மட்டுமே. தருமசாத்திரங்கள் அந்தணப் பிள்ளைக்கு எட்டாம் ஆண்டும், அரசர் குலத்தாருக்குப் பதினோராம் ஆண்டும், வணிகர் குலத்தாருக்குப் பன்னிரண்டாம் ஆண்டும் என வயது வகுத்தன. நான்காம் வருணத்தாருக்கும் அதற்கு வெளியே தள்ளப்பட்டோருக்கும் வயதே குறிக்கப்படவில்லை. அவர்களுக்கு அச்சடங்கு இல்லை.

சடங்கின் ஒவ்வோர் அங்கமும் ஒரு பொருளைச் சுட்டுவது. பிள்ளையின் இடுப்பில் முஞ்சைப் புல்லால் திரித்த கயிற்றைக் கட்டுவர். மௌஞ்சி பந்தனம் என்ற பெயர் இதனால் வந்தது. கல்லின் மேல் காலை வைக்கச் செய்வர்; கல்லைப் போல் உறுதியாக நில் என்பது அதன் கருத்து. கையில் தண்டம் கொடுப்பர், வழிநடைக்குத் துணை. துணியால் மூடிக் கொண்டு தந்தை மகனின் காதில் காயத்திரியை ஓதுவார். அது ரிக் வேதத்தின் மூன்றாம் மண்டலத்தில் விசுவாமித்திரரின் பெயரால் வழங்கும் சூரிய மந்திரம். பின்னர் பிள்ளை பாத்திரம் ஏந்திப் பிச்சை கேட்பான். தாயே முதலில் அரிசி இடுவாள். நேற்றுவரை மடியில் இருந்த பிள்ளைக்கு இன்று வாசலில் நின்று பிச்சை இடும் தாயின் நிலையை நினைத்துப் பார்த்தால், இச்சடங்கு ஒரு பிரிவுச் சடங்கு என்பதும் விளங்கும். இதன் பின்னர் அவன் இருபிறப்பாளன் எனப்படுவான்.

நூலுக்கும் பல விளக்கங்கள் உண்டு. மூன்று புரிகள் மும்மூர்த்திகளைக் குறிக்கும் என்பர் சிலர். தேவர், முனிவர், முன்னோர் ஆகியோருக்கு மனிதன் பட்டுள்ள மூன்று கடன்களைக் குறிக்கும் என்பர் வேறு சிலர். நான்கு விரல்களைச் சுற்றித் தொண்ணூற்றாறு சுற்று அளந்து நூலை எடுப்பர். சைவ மரபில் தொண்ணூற்றாறு என்பது தத்துவங்களின் எண்ணிக்கை. முடிச்சுக்குப் பிரம முடிச்சு என்று பெயர். இவ்விளக்கங்களுள் கடன் பற்றியதே என் மனத்துக்கு நெருங்கியது. பிறந்த மனிதன் எவனும் கடனாளி. அதை மறவாதிருக்கவே தோளில் நூல். ஆனால் அந்நினைவு ஒரு சிலருக்கு மட்டும் ஏன் உரியதாயிற்று என்ற வினாவும் உடன் எழுகின்றது.

தமிழ் மரபில் நூல்

தமிழுக்கும் இது அந்நியமானதன்று. தொல்காப்பிய மரபியல், நூல், கரகம், முக்கோல், மணை என்பவற்றை அந்தணர்க்கு உரியனவாகக் கூறுகிறது. அப்பகுதி பிற்கால இடைச்செருகல் எனக் கருதும் அறிஞரும் உளர். திருமுருகாற்றுப்படையில் ஏரகத்து முருகனை வழிபடும் அந்தணரைப் பாடும் இடத்தில், ஒன்பது இழைகள் மூன்று புரிகளாய் அமைந்த நுண்ணிய நூலைப் பற்றிய குறிப்பு உள்ளது. பெரியபுராணத்தில் திருஞானசம்பந்தருக்கு உபநயனம் நடக்கிறது. மறையோதுவிக்க வந்தவர்களுக்கு அப்பிள்ளையே மறையோதிக் காட்டி, அனைத்து மந்திரங்களுக்கும் மூலம் திருவைந்தெழுத்தே என உணர்த்தியதாகச் சேக்கிழார் பாடுகிறார். காயத்திரியை அடுத்து ஐந்தெழுத்தை வைக்கும் அந்நுட்பம் கவனிக்கத்தக்கது.

திருமூலர் இன்னும் வெளிப்படையானவர். பஞ்சிலிருந்து திரித்த நூலும் தலையில் வளர்ந்த குடுமியும் ஒருவரை அந்தணர் ஆக்கிவிடா, அறிவே ஆக்கும் என்பது திருமந்திரத்தின் கருத்து. சைவ ஆகமங்கள் உபநயனத்தின் இடத்தில் தீட்சையை வைத்தன. நான்காம் வருணத்தாருக்கும் தீட்சை உண்டு என்பது அவற்றின் நிலைப்பாடு. யாழ்ப்பாணத்துச் சைவம் இவ்வழியில் வளர்ந்ததே. எனினும் அங்கேயும் தீட்சையின் வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பது நாமறிந்த வரலாறு.

நூலுக்காக வழக்காடியோரும் உளர். மதுரைச் சௌராட்டிரர் ஆவணி அவிட்டச் சடங்கை நடத்தியமைக்காக அவர்களுள் பதினெட்டுப் பேர் பிடித்து வைக்கப்பட்டனர். சாத்திரம் அறிந்தோரைக் கூட்டி ஆராய்ந்த இராணி மங்கம்மாள், 1705 ஆம் ஆண்டு அவர்களுக்குச் சார்பாக ஓலை வழங்கினார். 1818 ஆம் ஆண்டு சித்தூர் நீதிமன்றம், விசுவகர்மர் தம் சடங்குகளை வேத முறைப்படி தாமே நடத்திக் கொள்ளலாம் எனத் தீர்ப்பளித்தது. தச்சரும் கொல்லரும் தட்டாரும் அணியும் நூலுக்குப் பின்னால் ஒரு வழக்கும் இருக்கிறது.

வேறொரு வழியில் சென்றவர் பாரதி. புதுச்சேரியில் வாழ்ந்தபோது, தாம் முன்னரே பூணூலைக் களைந்துவிட்ட அவர், தாழ்த்தப்பட்ட சமூகத்து இளைஞரான கனகலிங்கத்துக்கு முறைப்படி பூணூல் அணிவித்துக் காயத்திரியும் உபதேசித்தார். தனக்கு வேண்டாத நூலை இன்னொருவருக்கு ஏன் அணிவிக்க வேண்டும் என அன்றே பலர் கேட்டிருப்பர். வேண்டாம் எனக் கழற்றுவதற்கும் முதலில் அது தோளில் இருக்க வேண்டும் அல்லவா? கழற்றும் உரிமை அணியும் உரிமை பெற்றவனுக்கே உண்டு. கனகலிங்கம் அந்நாளைப் பின்னர் தம் நினைவு நூலில் பதிவு செய்தார்.

கழுத்தில் தொங்கிய தகரம்

இனி எங்கள் கதைக்கு வருகிறேன்.

சப்ரகமுவ என இன்று அழைக்கப்படும் மாகாணம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை ஆகிய பகுதிகளில் தேயிலை. யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, ருவன்வெல்லைப் பகுதிகளில் பெரும்பாலும் இறப்பர். நுவரெலியாவைப் போல் மலைக்கு மலை தமிழர் வாழும் பிரதேசமன்று இது. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் தோட்டங்கள். மலையகம் பற்றி எழுதுவோர் ஹட்டனோடும் தலவாக்கலையோடும் நின்றுவிடுவது வழக்கமாதலால், எங்கள் பகுதியின் கதை பெரும்பாலும் எழுதப்படாமலேயே போயிற்று.

திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் எங்கள் முன்னோர். அவர்களுள் பெரும்பான்மையோர் பள்ளர், பறையர், சக்கிலியர் எனத் தாழ்த்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தோர். கங்காணிகள் பெரும்பாலும் மேற்சாதியினராக இருந்தனர். ஊரில் இருந்த சாதி கப்பலேறி வந்து லயங்களிலும் குடியேறியது. மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து 1975 ஆம் ஆண்டு நூல் வெளியிட்ட இரா. ஜயராமன், அச்சாதி அமைப்பு இங்கு எவ்வாறு தொடர்ந்தது என்பதையே தம் நூலின் பொருளாகக் கொண்டார். அவர்களுள் பூணூல் அணிந்தோர் மிக அரிது.

ஆனால் கழுத்தில் ஒரு நூல் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துரைமார் புகுத்திய முறை ஒன்று உண்டு. இலங்கைக்குப் புறப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வட்டமான தகரத் துண்டு ஒன்று கொடுக்கப்பட்டது. அதில் தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும், ஆளைக் குறிக்கும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. மேற்புறத்தில் ஒரு துளை. அதில் நூலைக் கோத்துக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். எழுத்தறியாத ஒரு மனிதனை மண்டபம் முகாமிலிருந்து மலையடிவாரத்துத் தோட்டம் வரை வழி தவறாமல், செலவுக் கணக்குப் பிசகாமல் கொண்டு சேர்ப்பதற்கு அத்தகரம் போதும். பெயர் கேட்கத் தேவையில்லை. 1912 ஆம் ஆண்டு களனிவெளிப் புகையிரதப் பாதை இரத்தினபுரியை எட்டியபின், எங்கள் பகுதிக்கு அத்தகரங்கள் இரயிலேறி வந்தன.

தோட்டத்துக்கு வந்தபின் இன்னொரு துண்டு காத்திருந்தது. அது கடதாசித் துண்டு. இத்தனை ரூபாய் கடனைத் தீர்த்தால் இவனை விடுவிக்கத் தயார் எனத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. கடனோ கங்காணியின் கணக்கில் வளர்ந்து கொண்டே இருக்கும். இத்துண்டு முறை 1921 ஆம் ஆண்டு சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பூணூலின் மூன்று புரிகளும் மூன்று கடன்கள் என்று மேலே குறிப்பிட்டேன். எங்கள் முன்னோரின் கழுத்திலிருந்த நூலும் கடனையே குறித்தது. அதில் தேவரும் இல்லை, முனிவரும் இல்லை. கப்பற் கட்டணமும் வழிச் சோறும் கங்காணியின் முன்பணமும் இருந்தன.

காப்பு

எண்ணாக வந்த மக்கள் தமக்கென ஒரு நூலைக் கட்டிக் கொண்டார்கள். அது காப்பு.

மாரியம்மன் திருவிழாவானாலும் காமன் கூத்தானாலும் தோட்டங்களில் முதலில் நிகழ்வது காப்புக் கட்டுதல். மஞ்சளில் தோய்த்த நூலில் மஞ்சள் துண்டொன்றை முடிந்து, ஆணுக்கு வலக்கையிலும் பெண்ணுக்கு இடக்கையிலும் கட்டுவர். கட்டிய நாள் முதல் மாமிசம் இல்லை, மது இல்லை, தாம்பத்தியம் இல்லை. விழா முடியும்வரை தோட்டத்தின் எல்லையைத் தாண்டி இராத்தங்குவதும் இல்லை. விழா முடிந்ததும் காப்பை அவிழ்த்து நீரில் விடுவர். அந்நாட்களுக்குள் அவர் வேறு மனிதர். ஊரார் அவரைத் தொட்டுப் பேசவும் தயங்குவர்.

காமன் கூத்து மாசி மாதத்து அமாவாசையை அடுத்துத் தொடங்கும். காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி, ரதி மதன் வேடம் ஏற்போருக்குக் காப்புக் கட்டுவர். தவத்தில் இருக்கும் சிவன் மீது மதன் மலர்க்கணை தொடுப்பதும், நெற்றிக்கண்ணால் எரிவதும், ரதி புலம்புவதும், மீண்டும் அவன் உயிர்பெறுவதும் இரவு இரவாக நிகழும். பெரட்டுக் களத்தில் பகலெல்லாம் துரையின் முன் கைகட்டி நின்றவர், இரவில் தப்பு முழங்கத் தேவராக ஆடுவார். என் சிறிய தகப்பனார் மூன்று ஆண்டுகள் மதன் வேடம் கட்டினார். காப்புக் கட்டியிருந்த நாட்களில் என் பாட்டியே அவரை "வாங்க, போங்க" என்றுதான் அழைப்பார்.

உபநயனத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இரண்டிலும் நூல் உண்டு, நோன்பு உண்டு, புதிய பிறப்பு உண்டு. வேறுபாடுகள் மூன்று. பூணூல் ஆயுள் முழுவதும் நிலைப்பது. காப்பு விழாவோடு அவிழ்வது. பூணூலுக்குப் பிறப்பு வேண்டும். காப்புக்கு நேர்த்தி போதும். பூணூலிலிருந்து பெண் விலக்கப்பட்டாள். பழங்காலத்தில் பிரமவாதினி எனப்பட்ட பெண்களுக்கு உபநயனம் உண்டென ஆரீதர் கூறியிருப்பினும், மனு முதலானோர் திருமணமே பெண்ணுக்கு உபநயனம் என முடித்துவிட்டனர். காப்பையோ எங்கள் பெண்கள் தாமே கட்டிக் கொண்டு பாற்குடம் எடுத்தனர், தீயில் இறங்கினர்.

இதனைக் கொண்டு தோட்டத்தில் சமத்துவம் நிலவியது எனச் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். காப்பு எல்லாருக்கும் கட்டப்பட்டது. முதல் மரியாதை பெரிய கங்காணிக்கே சென்றது. தப்படித்தவர் சாமியை வரவழைத்தார். வந்த சாமியின் திருநீறு அவர் கைக்கு எட்டாமல் மேலிருந்தே போடப்பட்டது. அதை நான் கண்ணால் கண்டவன். நூல் ஒன்றாக இருந்தும் கைகள் ஒன்றாகவில்லை.

புடவை மூட்டை சுமந்த ஐயர்

இவ்விடத்தில் பத்திரிகையாளன் என்ற முறையில் நான் தலைவணங்கும் ஒருவரை நினைவுகூர வேண்டும். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர். பிராமணர். 1920களில் இலங்கையில் பத்திரிகை நடத்தியவர், சட்டசபை உறுப்பினர், 1931 ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவர். அக்காலத்தில் வெளியார் தோட்டத்துக்குள் நுழைந்தால் அத்துமீறல் குற்றம். புடவை வியாபாரிக்கு மட்டும் வழி விடுவர். ஆகவே ஐயர் புடவை மூட்டையைத் தோளில் சுமந்து லயம் லயமாகச் சென்று, தொழிலாளரின் நிலையை நேரில் கண்டறிந்தார் என அவரது வரலாற்றை எழுதிய சாரல்நாடன் பதிவு செய்துள்ளார். துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடல்களால் மக்களைத் திரட்டினார்.

நூலணியும் குலத்தில் பிறந்த ஒருவர், அத்தோளில் வியாபார மூட்டையை ஏற்றிக் கொண்டு, கழுத்தில் தகரம் தொங்க வந்தவர்களின் திண்ணையில் அமர்ந்தார். எங்கள் மக்கள் அவரை ஐயர் என்றே இறுதிவரை அழைத்தனர். அச்சொல்லில் அவர்கள் உணர்த்திய மரியாதை சாதிக்கு உரியதன்று என்றே கருதுகிறேன். 1947 ஆம் ஆண்டு அவர் மறைந்தார். மறு ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோர் ஆக்கியது.

வெள்ளை நூல்

இன்னொரு நூலையும் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது.

1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எங்கள் லயத்திலும் பாதிக் காம்பராக்கள் வெறுமையாயின. எஞ்சியோரை 1977 ஆம் ஆண்டு வன்செயல் தாக்கியது. 1981 ஆகஸ்ட் மாதம் இரத்தினபுரித் தோட்டங்கள் மீண்டும் தாக்கப்பட்டன. பின்னர் 1983 ஜூலை. இறக்குவானை, காவத்தைப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றவர்கள் பலர்.

1983 இல் நான் பன்னிரண்டு வயதுச் சிறுவன். தோட்டத்தின் கீழ் எல்லையில் வாழ்ந்த சிங்கள மூதாட்டி ஒருவரை நாங்களும் ஆச்சி என்றே அழைப்போம். செய்தி பரவிய அன்று மாலை அவர் தாமாகவே மேலேறி வந்தார். விகாரையில் பிரித் ஓதிக் கட்டும் வெள்ளை நூல் அவர் கையில் இருந்தது. அப்பாவின் கையிலும் என் கையிலும் என் தம்பியின் கையிலும் அதைக் கட்டினார். மாரியம்மன் திருவிழா முடிந்து சில நாட்களே ஆகியிருந்தமையால், கழற்ற மனமின்றி நான் வைத்திருந்த மஞ்சள் காப்பைக் கத்தரியால் வெட்டினார். அம்மா நெற்றிப் பொட்டை அழித்தார். தாலியின் மஞ்சள் கயிற்றைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்தார். இரண்டு இரவுகள் அந்த ஆச்சியின் வீட்டில் இருந்தோம்.

பிரித் நூலும் காப்பு நூலும் ஒரே பருத்தியிலிருந்து வருபவை. பானையில் சுற்றி, இரவெல்லாம் ஓதியபின் கையில் கட்டுவதும், கரகத்தின் முன் வைத்து மஞ்சள் பூசிக் கட்டுவதும் காவல் வேண்டியே. அவ்விரு இரவுகளிலும் எங்கள் உயிரைக் காத்தது எந்த நூலின் ஆற்றல் எனக் கேட்டால் எனக்கு விடை தெரியும். கட்டிவிட்ட கையின் ஆற்றல். எனினும் எங்கள் நூலை வெட்டித்தான் அந்த நூலைக் கட்ட வேண்டியிருந்தது என்பதையும் என்னால் மறக்க முடியவில்லை. ஆச்சியும் மறந்திருக்க மாட்டார். வெட்டிய மஞ்சள் நூலை அவர் கீழே எறியவில்லை. மடித்து அம்மாவின் கையில் கொடுத்தார்.

இன்றைய நிலை

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் நாடற்றோர் எனும் பெயரை நீக்கியது. 2023 ஆம் ஆண்டு, மலையகம் 200 என்னும் பெயரில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனி சென்றது. தோட்டக் கோயில்களும் மாறிவிட்டன. தகரக் கூரையின் கீழ் சூலமாக நின்ற மாரியம்மனுக்குக் கோபுரம் எழுந்திருக்கிறது, கும்பாபிஷேகம் நடக்கிறது, பல இடங்களில் ஆடு கோழி பலியிடுதல் நின்றுவிட்டது. பூணூல் அணிந்த குருக்கள் பூசை செய்கிறார். எங்கள் கோயிலில் இப்போது பூசை செய்யும் இளைஞர் அந்தப் பழைய பூசாரித் தாத்தாவின் பேரன். வெளியூரில் பயின்று, தீட்சை பெற்று, நூல் அணிந்து திரும்பியவர்.

இதனைப் பண்பாட்டு இழப்பு என்று என் பல்கலைக்கழக நண்பர்கள் சிலர் கூறுவர். அவர்கள் கூறுவதில் உண்மை உண்டு. காமன் கூத்துக்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை. தப்பு அடிக்க இளைஞர் வெட்கப்படுகின்றனர். ஆயினும் அந்தப் பேரனிடம் நான் பேசியபோது அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. "ஐயா, எங்க தாத்தா நாப்பது வருஷம் இந்த அம்மனுக்குப் பூசை செஞ்சாரு. கும்பாபிஷேகத்தன்னைக்கு அவரை உள்ள விடல. நான் நூல் போட்டதால யாரும் என்னைத் தடுக்க முடியாது. இது தப்பா?"

தப்பென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கனகலிங்கத்தின் தோளில் பாரதி அணிவித்த நூலைப் போற்றிவிட்டு இந்தப் பிள்ளையின் நூலைப் பழிப்பது நேர்மையாகாது. எனக்குள்ள கவலை ஒன்றே. தாத்தாவை உள்ளே விடாத வாசல், பேரனுக்குத் திறந்தது போல் அடுத்தவருக்கும் திறக்குமா, அல்லது இவருக்குப் பின்னால் மூடிக் கொள்ளுமா? அதை அவரிடமும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அவ்வாண்டுத் திருவிழாவில் தப்படிப்பவர்களின் கைகளில் அவரே திருநீற்றை வைத்தார் எனத் தம்பி தொலைபேசியில் தெரிவித்தான். மேலிருந்து போடவில்லையாம்.

அப்பாவின் கருமாதி முடிந்த மறுநாள் அவரது தகரப் பெட்டியைத் திறந்தோம். பிறப்புச் சாட்சிப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டுகள், அவற்றின் அடியில் துருவேறிய வட்டத் தகரம் ஒன்று. எழுத்து அழிந்துவிட்டது, எண்ணில் இரண்டு இலக்கங்களை மட்டும் படிக்க முடிந்தது. துளையில் நூல் இல்லை. அது பூட்டனாருடையதாக இருக்க வேண்டும் என்றார் அம்மா. அதனருகே ஒரு கடதாசிப் பொட்டலத்தில், 1983 இல் வெட்டிய என் மஞ்சள் காப்பும் இருந்தது.

மலையகத்திலோ தமிழகத்திலோ புலம்பெயர்ந்த நாடுகளிலோ இதனைப் படிக்கும் வாசகர்கள் எவரிடமேனும் இத்தகைய தகரத் துண்டு இருக்குமானால், துருப்பிடித்த பொருளென எறிந்துவிட வேண்டாம் எனக் கேட்டுக் கொள்கிறேன். அதை வைத்திருந்தவரின் பெயரைப் பெரியோரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். எண் அவர்கள் கொடுத்தது. பெயரை நாம்தான் சேர்க்க வேண்டும்.